வெங்காயத்தோல் ரோஸ்

ஒரு தெரு முழுக்க வெங்காயத்தோலைச் சேர்த்து வைத்து ஒரே வீட்டுக்குக் கொடுத்தது என்றால் வெளியூர்க்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். மேலப்பாளையத்தில் அந்தத் தெருக்காரர்களுக்கு அது பெருமையான காரியம். ஆணம் வைத்தாலும் பிரியாணி போட்டாலும் உரித்த தோல் குப்பைக்குப் போகாது. ஜன்னல் கம்பியில் ஒரு பை தொங்கும், அதற்குள் போகும். பை நிறைந்தால் அஸ்ஃபியா வீட்டு வாசலுக்கு வந்துவிடும். எல்லாம் அவள் வீட்டிலேயே சாயம் முக்கி விற்கிற பூத்தையல் நூலுக்காகத்தான்.

நோன்பு மாதம் வந்தால் கேட்கவே வேண்டாம். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்குத் தானே உட்கார்ந்து உரிக்கிற சின்ன வெங்காயத் தோலையெல்லாம் எதிர்வீட்டு ஹமீது பீவி சாக்கில் கட்டித் தலையில் சுமந்துகொண்டு வந்து இறக்குவாள். நோன்பு பிடித்த வயிற்றோடு, உச்சி வெயிலில், ஐம்பதைத் தாண்டிய பொம்பளை.

"ஏளா, இந்தா. ஒரு சருகுகூட கீழ சிந்தல. உன் நூலு சிங்கப்பூருக்குப் போவுது, துபாய்க்குப் போவுதுங்காங்க. நம்ம தெருத் தோலும் சேந்துல்லா பிளேன்ல ஏறுது."

"எல்லாம் உங்க துஆ மாமி" என்பாள் அஸ்ஃபியா. அவள் முகத்தில் அப்போது ஒரு சிரிப்பு இருக்கும். ஹமீது பீவி படி இறங்குகிறவரைக்கும் அந்தச் சிரிப்பைப் பிடித்து நிறுத்துவதற்குள் அவளுக்குக் கன்னம் வலித்துவிடும்.

பிறகு கதவைச் சாத்துவாள். சாக்கைக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போவாள். வெந்நீர் அடுப்பில் பிடி பிடியாக அள்ளிப் போட்டு எரிப்பாள். தெரு பாசத்தோடு சேர்த்துக் கொடுத்த தோலில் அவளும் பள்ளிக்கூடம் போகிற அவள் மகளும் சுடச்சுடக் குளித்தார்கள். நடந்த உண்மை இவ்வளவுதான். இதை அறிந்தவள் அஸ்ஃபியா ஒருத்திதான். சவூதியில், தம்மாமில் இருக்கிற அவள் மாப்பிள்ளை சிராஜுதீனுக்குக்கூடத் தெரியாது. அவன் அங்கே கூடத் தங்கியிருப்பவர்களிடமெல்லாம் போனை நீட்டி, என் பொண்டாட்டி வெங்காயத்தோலில் ரோஸ் எடுக்கிறாள் என்று பீற்றிக்கொண்டிருந்தான்.

ஆரம்பத்தில் அவள் பொய் சொன்னவள் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம். வெங்காயத்தோலைக் காய்ச்சி, படிகாரம் போட்டு, வெள்ளை நூலை முக்கினால் பொன்மஞ்சள் வரும். மாதுளை ஓட்டில் வேறு ஒரு மஞ்சள். துருப்பிடித்த ஆணியை அதிலேயே ஊறப்போட்டால் சாம்பல் நிறம். இதையெல்லாம் அவள் நேர்மையாகத்தான் செய்தாள். போனில் படம் போட்டாள், நாலு பேர் வாங்கினார்கள். நாலே பேர்தான். பூத்தையல் போடுகிறவர்கள் ரோஸ் கேட்டார்கள். பூ என்றால் ரோஸாவில்தானே தொடங்குகிறது. பீட்ரூட்டைக் காய்ச்சி முக்கினாள். நூலைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. இரண்டு வெயில் பட்டதும் பீட்ரூட் வந்த வழியே போய்விட்டது.

அப்போதுதான் டவுனில் ஒரு கடையில் சாயப்பொடிப் பாக்கெட் வாங்கினாள். சும்மா பார்ப்போமே என்றுதான். கொதிக்கிற தண்ணீரில் பொடியும் உப்பும் போட்டு முக்கி எடுத்தால் அப்படி ஒரு ரோஸ். படம் எடுக்கும்போது பக்கத்தில் வெங்காயத்தோல் கிண்ணம் ஒன்று இருந்தது. அது அங்கே எப்போதும் இருப்பதுதான். ஒருத்தி எழுதிக் கேட்டாள்: இந்த ரோஸும் வெங்காயத்தோலா? அஸ்ஃபியா பதிலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பொம்மை அவளுக்காகப் பொய் சொல்லிவிட்டது. அந்த ரோஸ் நூலுக்கு மறுநாளே ஆள் மேல் ஆள் கேட்டார்கள். அதற்குப் பிறகு அவள் வீட்டில் மஞ்சள் நூல் உருவானதே இல்லை. தோல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வாள்?

பாளையங்கோட்டையில் பூத்தையல் வகுப்பு நடத்துகிற ரீபா டீச்சர் என்று ஒருத்தி. நூல் வாங்குகிறவள்தான். நேரில் வந்து பார்க்க வேண்டும், மாணவிகளையும் கூட்டி வருகிறேன் என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள். குழாயில் தண்ணீர் வரவில்லை, மகளுக்குக் காய்ச்சல், வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள் என்று அஸ்ஃபியா ஒவ்வொன்றாகச் சொல்லித் தட்டிக் கழித்தாள். ரீபா ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் தெருவுக்கே வந்து வீட்டை விசாரித்தபோது அஸ்ஃபியா வீட்டில் இல்லை. அகப்பட்டது ஹமீது பீவி.

"வாற சனிக்கெழம வாங்க டீச்சர். பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. நாங்களும் அந்தப் பிள்ள சாயம் முக்கிப் பாத்ததே இல்ல. தெருவே பாக்கணும்னுதான் இருக்கு" என்று வாக்குக் கொடுத்து, சர்பத்தும் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் இதைக் கேட்ட அஸ்ஃபியாவுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். கத்தவும் முடியவில்லை, பொறுக்கவும் முடியவில்லை. "நல்லதுதான் மாமி" என்றாள்.

அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். டீச்சருக்கு ஒரு போன் போட்டு, ரோஸ் மட்டும் கடைச் சாயம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தால் ஒரு வாடிக்கை போயிருக்கும், அவ்வளவுதான். அவள் என்ன செய்தாள் தெரியுமா? தோலை எடுத்து வேகவைத்தாள். தண்ணீரை வடித்துக் கொட்டினாள். மறுபடி வேகவைத்தாள், மறுபடி கொட்டினாள். தோலில் இருந்த மஞ்சள் சத்தெல்லாம் போய் வெறும் சக்கையானதும் மொட்டை மாடியில் காயப்போட்டாள். காய்ந்தபின் பார்த்தால் புதுத் தோல் போலவே இருந்தது. சனிக்கிழமை காலையில் சாயப்பொடியை மெல்லிய துணியில் கிழி கட்டிப் பானையின் அடியில் வைத்து, அதன்மேல் அந்தச் சக்கையைக் குவித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு. இவள் சாயத்தைத் தோலில் மறைத்தாள். அழகாகத்தான் மறைத்தாள்.

கொல்லை கொள்ளாத கூட்டம். ரீபாவும் மாணவிகளும் நாற்காலியில், தெருப் பெண்கள் சுவரோரமாக. ஹமீது பீவி பானைக்குப் பக்கத்திலேயே குந்திவிட்டாள். தோலை உரித்தவள் என்ற உரிமை. தண்ணீர் கொதித்து, தோல் புரண்டு, இளஞ்சிவப்பு மெல்ல எழும்பி வந்தபோது "மாஷா அல்லாஹ்" என்று கொல்லையே மூச்சு விட்டது. ஹமீது பீவி பிஸ்மில்லா சொல்லி ஒரு குச்சியை விட்டுத் தோலைத் தூக்கிக் காட்டினாள். கிழி வெளியே வந்துவிடுமோ என்று அஸ்ஃபியா குச்சியின் நுனியையே பார்த்தாள். வரவில்லை.

"இது நான் பள்ளிவாசல்ல உரிச்ச தோலு டீச்சர்" என்றாள் ஹமீது பீவி. கண்ணில் தண்ணீர்.

ஒரு மாணவி, துணியையும் இதே நிறத்தில் முக்கலாமா என்று கேட்டாள்.

"முக்கலாம். துணியையும் நூலையும் ஒரே பானையில ஒண்ணாப் போட்டாத்தான் நெறம் ஒண்ணா வரும். தனித்தனியாப் போட்டா ஏறுமாறாயிரும்" என்றாள் அஸ்ஃபியா. அன்றைக்கு அவள் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

ரீபா டீச்சர் நாற்காலியைப் பானைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். "நானும் வீட்டுல காய்ச்சிப் பாத்தேன்மா. எத்தனை தடவை காய்ச்சினாலும் எனக்கு மஞ்சள்தான் வருது. உங்களுக்கு மட்டும் எப்படி ரோஸ் வருது?"

எல்லா முகமும் அஸ்ஃபியா பக்கம் திரும்பியது. அங்கேயாவது அவள் வாயை மூடியிருக்கலாம். தெரியவில்லை, வருகிறது என்று சொல்லியிருந்தால்கூட விட்டிருப்பார்கள். நுணலும் தன் வாயால் கெடும்.

"எல்லாம் நிய்யத்துதான் டீச்சர்" என்றாள். "மனசுல அழுக்கு இல்லாம பானைய ஏத்தணும். அப்பதான் ரோஸ் எறங்கும். வேற நெனப்பு உள்ள இருந்தா மஞ்சளோட நின்னுரும்."

"நிய்யத்துன்னா?"

"எண்ணம் டீச்சர். சுத்தமான எண்ணம்" என்று ஹமீது பீவி விளக்கினாள்.

ரீபா பானையைப் பார்த்தாள். அஸ்ஃபியாவைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "சரிம்மா. உங்க நிய்யத்து உங்களுக்குத்தானே தெரியும்" என்று சொல்லி எழுந்தாள். புது ஆர்டர் எதுவும் சொல்லாமல் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அஸ்ஃபியாவுக்கும் தெரிந்தது. உடம்பெல்லாம் கூசியது. தொழுகைக்கும் நோன்புக்கும் முதலில் வைக்கிற நிய்யத்தைக் கொண்டுபோய்ச் சாயப்பொடிக்குக் காவல் வைத்துவிட்டோமே என்று அன்று தொழுகையில் நிற்கவே அவளுக்குக் கால் வரவில்லை. தெருவோ அவளைத் தலையில் தூக்கி வைத்தது. சுத்தமான மனசுக்காரி என்று ஒரு பட்டமும் சேர்ந்துகொண்டது.

நோன்புப் பெருநாள் கழிந்து கல்யாணங்கள் தொடங்கின. ஹமீது பீவியின் மகள் தஸ்மியாவுக்கு ஏர்வாடியில் மாப்பிள்ளை. பந்தல்கால் நட இன்னும் சில நாள்தான் இருந்தது. ஒரு மத்தியானம் அஸ்ஃபியா நூலை உலர்த்திக்கொண்டிருந்தபோது ஹமீது பீவி கொல்லை வாசல் வழியாக வந்தாள். எப்போதும் குரல் முதலில் வரும், ஆள் பின்னால் வரும். அன்றைக்குக் குரல் வரவே இல்லை. துப்பட்டிக்குள் எதையோ மறைத்துப் பிடித்திருந்தாள்.

"என்ன மாமி, இந்த வெயில்ல?"

"கதவச் சாத்துளா. ஆரும் பாக்கக் கூடாது."

சாத்தினாள். ஹமீது பீவி துப்பட்டிக்குள்ளிருந்து ஒரு துணியை எடுத்து விரித்தாள். மெல்லிய மஸ்லின், ஓரத்தில் வெள்ளிச் சரிகை. நல்ல விலையுள்ள துணி. ஆனால் அது இருந்த நிறத்தைச் சொல்லக் கூடாது. சாணி கரைத்த தண்ணீரில் முக்கியது போலத் திட்டுத் திட்டாக மஞ்சளும் பழுப்பும். கூடவே அதே நிறத்தில் நாலைந்து நூல் கண்டு.

"மாப்பிள்ள வீட்டுலேந்து வந்த முக்காட்டுத் துணி" என்றாள். "வெள்ளையா குடுத்துவிட்டாங்க. நீங்க பூப்போட்டு வைங்கன்னாங்க. அன்னைக்கு நீ சொன்னியே, நூலும் துணியும் ஒண்ணாப் போடணும்னு. அப்படித்தான் போட்டேன். மஞ்சளா வந்துச்சு. இன்னும் கொதிக்கட்டும், ரோஸ் எறங்கும்னு விட்டேன். கொதிக்கக் கொதிக்கக் கறுத்துட்டே போச்சு. நேத்து மாப்பிள்ளையோட உம்மா வந்திருந்தாங்க. எங்க துணின்னு கேட்டாங்க. காட்டும்படி ஆயிட்டு."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. கூட வந்தவதான் சொன்னா. மவளும் இந்தக் கைப்பக்குவந்தானோன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. தஸ்மியா உள்ள போயிப் படுத்தவதான், இன்னும் எந்திரிக்கல."

என்னிடம் கொடுத்திருந்தால் முக்கித் தந்திருப்பேனே என்று அஸ்ஃபியா சொல்ல நினைத்தாள். அவள் சொல்லாமலே ஹமீது பீவிக்கு அது கேட்டது போல இருந்தது.

"உங்கிட்டக் குடுத்திருக்கலாம். ஏன் குடுக்கலன்னு கேளு. கேக்க மாட்டே, நீ நல்ல பிள்ள. நானே சொல்லுதேன்." அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு ஆசை வந்துட்டு. தோலு நான் உரிக்கேன், சாக்கு நான் சுமக்கேன், பேரு இவளுக்குன்னு ஒரு நெனப்பு. இதுல என்ன பெரிய வித்தை, நாமளும் கத்துக்கிட்டு நாலு கண்டு வித்தா என்னன்னு நெனச்சேன். அந்த நெனப்போடதான் பானைய ஏத்துனேன். நீ அன்னைக்கே சொன்னே, மனசுல அழுக்கு இருந்தா ரோஸ் எறங்காதுன்னு. அல்லா எல்லாருக்கும் முன்னால எம் மனச எடுத்துக் காட்டிட்டான்."

"மாமி, அப்படியெல்லாம் இல்ல."

"இருக்குளா. நான் உன்னப் பாத்துப் பொறாமப்பட்டேன். மவளுக்குக் கலியாணத்த வச்சுக்கிட்டு இந்தப் பாரத்தத் தூக்கிட்டு நிக்க முடியல. எனக்குப் பொறுத்துக்கிடு." சொல்லிக்கொண்டே அவள் அஸ்ஃபியாவின் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றினாள். மகள் வயதுப் பெண்ணின் கையை.

யாருக்கு யார் பொறுத்துக்கொள்வது? அஸ்ஃபியாவுக்குத் தரை பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. நெஞ்சுக்குள் கொஞ்ச நஞ்சம் ஈரம் இருக்கிற எவளாலும் அதற்கு மேல் தாங்க முடியாது. அவளாலும் முடியவில்லை.

"மாமி, அது கடைச் சாயம்" என்றாள்.

"எது?"

"ரோஸு. வெங்காயத்தோல்ல ரோஸ் வராது மாமி. யாருக்கும் வராது. நான் டவுன்ல பொடி வாங்கி முக்குதேன். அன்னைக்கும் பானைக்கு அடியில வச்சிருந்தேன். நிய்யத்துன்னு சொன்னது பொய்யி. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க குடுத்த தோலெல்லாம் நான்..." எரித்தேன் என்ற சொல் மட்டும் வரவில்லை. அங்கே நின்றுவிட்டாள்.

ஹமீது பீவி அவளை அண்ணாந்து பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் வரும், ஒரு அடி விழும், விழட்டும் என்று அஸ்ஃபியா காத்திருந்தாள். வந்தது கோபமில்லை. ஹமீது பீவியின் கன்னம் கோணியது, பொலபொலவென்று அழத் தொடங்கினாள்.

"எம் மனசு நோவக் கூடாதுன்னு உம்மேலயே பழியத் தூக்கிப் போட்டுக்கிடுதியே. நான் என்ன சின்னப் பிள்ளையா? எங்கண்ணால பாத்தேனே. எங்கையால தோலத் தூக்கிப் பாத்தேனே."

"நெசமாத்தான் சொல்லுதேன் மாமி."

"போதும்ளா. பொய் சொல்லாத. எனக்காவ நீ பாவத்தச் சுமக்காண்டாம்."

பாக்கெட்டுகள் அடுக்களையில்தான் இருந்தன. மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால். நாலு எட்டு வைத்தால் எடுத்துவந்து அந்தக் கையில் வைத்துவிடலாம். அப்புறம் பேச்சே வேண்டாம். தஸ்மியா எழுந்து உட்காருவாள், அவள் உம்மா கைப்பக்குவத்தைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள், ஏர்வாடிக்காரர்களிடம் தலை நிமிர்ந்து சொல்லலாம். அஸ்ஃபியா அடுக்களைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். கால் எழும்பவில்லை. அதைவிடக் கேவலம் ஒன்று நடந்தது. மாமி நம்பவில்லை என்றானதும் அவளுக்குள் அப்பாடா என்று இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், அவர்கள்தான் நம்பவில்லை என்று மனசு உடனே ஒரு கணக்கை முடித்துக்கொண்டது. அந்த அப்பாடாவை அவளே கேட்டாள். பொடி வாங்கியபோதும் கிழி கட்டியபோதும் இத்தனை கூசியதில்லை.

"பொறுத்துக்கிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. நான் போயிருதேன்" என்றாள் ஹமீது பீவி.

"பொறுத்துக்கிட்டேன் மாமி."

ஹமீது பீவிக்கு முகம் விடிந்தது. மூக்கைத் துப்பட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கறுத்துப்போன துணியைச் சுருட்டி அஸ்ஃபியாவின் கையில் வைத்தாள். "உங்கையில ஒருக்க முக்கிப் பாரு. நீ தொட்டா சரியாவும்" என்றாள். வந்தபோது ஒளிந்து வந்த கொல்லை வாசலை விட்டுவிட்டு, முன்வாசல் கதவைத் தானே திறந்துகொண்டு தெருவில் இறங்கினாள்.

அஸ்ஃபியா துணியோடு கூடத்தில் நின்றாள். வெளியே ஹமீது பீவியின் குரல் பழையபடி உயர்ந்து கேட்டது. யாரையோ கூப்பிட்டு நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். "எனக்காவ தன்னையே கள்ளியாக்கிக்கிட்டுப் பேசுதா, பாத்துக்க. ரோஸே வராதாம், எல்லாம் கடைப் பொடியாம். எனக்கு ஆறுதலுக்குச் சொல்லுதா அந்தப் பிள்ள. இப்படி ஒரு மனசு ஆருக்கு இருக்கும்? அந்த மனசுக்கு ரோஸ் எறங்காம என்ன செய்யும்?"

தெருவில் இரண்டு மூன்று குரல்கள் மாஷா அல்லாஹ் என்றன. ஒருத்தி, நம்ம தெருவுக்கே பரக்கத்து அந்தப் பிள்ளதான் என்றாள். அஸ்ஃபியா திறந்திருந்த கதவருகே போனாள். வெளியே வந்து இல்லை என்று சொல்வதற்கு ஒரு படிதான் இறங்க வேண்டும். அவள் கதவைப் பையச் சாத்தினாள்.